வீட்டறைக்கு வந்த ஒலிப்பதிவுக் கூடம்: டீயாக் 144 போர்ட்டாஸ்டுடியோ

ஜப்பானின் டீயாக் நிறுவனம் 1979இல் வெளியிட்ட 144 போர்ட்டாஸ்டுடியோ என்னும் ஒலிப்பதிவுக் கருவி, வழக்கமாகப் பக்கத்துக்கு இரண்டாக அமையும் கேசட்டின் நான்கு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தி, நாடாவை நொடிக்கு 9.5 சென்டிமீட்டர் என்னும் இருமடங்கு வேகத்தில் ஓட்டியது. மூன்று தடங்கள் நிரம்பியதும் அவற்றைக் கலந்து நான்காவதில் ஏற்றி, விடுபட்ட தடங்களில் மேலும் பதியும் முறை ‘பவுன்சிங்’ எனப்பட்டது. ஒவ்வொரு ஏற்றத்திலும் நாடாவின் ‘உஸ்’ என்ற இரைச்சல் கூடி, மேல்சுருதி ஒலிகள் மங்கின. தொழில்முறைக் கூடங்கள் குறையெனக் கருதிய இந்த மங்கலே, ‘லோ-ஃபை’ என்னும் குறைதுல்லிய ஒலிப்பதிவின் அடையாளமாயிற்று.

கேசட்டைத் திருப்பிப் போட்டால் நான்கு தடங்களும் பின்னிருந்து முன்னாக ஒலிக்கும் என்பதைப் பரிசோதனை இசைஞர்கள் ஓர் உத்தியாகவே கையாண்டனர். பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தம் நியூஜெர்சி வீட்டில் இக்கருவியில் மாதிரிக்கெனப் பதிந்தவை 1982இல் ‘நெப்ராஸ்கா’ என்னும் இசைத்தொகுப்பாயின எனினும், கருவியின் பயனை முழுமையாகத் துய்த்தவர்கள், நகல்களைத் தாமே எடுத்து அஞ்சலில் பரிமாறிக்கொண்ட, கடைகளை எட்டாத இசைஞர்களே எனலாம். டோக்கியோவில் மெர்ஸ்பௌ என்ற பெயரில் இரைச்சலிசை படைத்த மசாமி அகிதாவும் ஒளிநகல் ஒட்டோவியங்களை உறையாக்கிக் கேசட்டுகளை அவ்வாறே அனுப்பினார். மூலக் கேசட்டைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் இட்டால் இரு தடங்கள் மட்டும் பாதி வேகத்தில் இழுபடும் என்பதால், நான்கையும் இரண்டாகக் கலந்த நகலே பிறர் கைக்குச் சென்றது.