வீடு: முதனூலா, வழிநூலா?

வீடு என்னும் சொல் ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. விடுதலை என்பதே அதன் பொருள். அதனாலேயே அறம், பொருள், இன்பம் என்ற மூன்றன்பின் நான்காவதாக நிற்கும் பேற்றுக்கும் அதுவே பெயராயிற்று. வாழும் இடத்தைக் குறிக்க நம் முன்னோர் பெரிதும் வழங்கிய சொற்கள் இல், மனை, அகம் என்பன. இல்லிலிருந்து இல்லாளும் மனையிலிருந்து மனைவியும் பிறந்தனர். எவ்வாறாயினும், வீட்டை அடைதல் எளிதன்று என்பதில் சமய நூலாரும் கந்தளாயில் காணி தேடுவோரும் ஒருமித்த கருத்தினரே.

ஓய்வு பெறும் காலம் அணுகிய ஓர் ஆசிரியனுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. முப்பதாண்டுகளை வாடகை வீடுகளிலேயே கழித்தவன் யான். கையிலுள்ள சேமிப்பு ஒரு வீட்டுக்கே போதும். தவறினால் மறுமுறை என்பது இல்லை. அன்றியும், கிழக்கிலங்கைத் தமிழரிடையே வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது வழக்கம். ஆகவே யான் தேடுவது என் முதுமைக்கு ஒரு நிழல் மட்டும் அன்று. என் மகள் காலூன்றி நிற்கவேண்டிய நிலமும் ஆகும். வயலோரத்தில் வெறுங்காணி ஒன்றும், சற்று மேட்டில் பழைய கல்வீடு ஒன்றும் விலைக்கு வந்துள்ளன. புதிதாகக் கட்டுவதா, கட்டியதை வாங்குவதா? எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறையில் இதுபற்றி இரண்டு கட்சிகள் உள்ளன. இரண்டும் வலிய கட்சிகளே.

பவணந்தி முனிவர் தம் நன்னூலில் நூலை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினார். வழிநூலாவது முன்னோர் முடிபோடு ஒத்து நின்று, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் கொண்டு, மரபு அழியாமல் வருவது. புதுவீடு முதனூல் என்றால், வாங்கித் திருத்திய வீடு வழிநூல். முதனூல் செய்ய விழைவது மனித இயல்பு. ஆனால், அதற்கு வேண்டிய அறிவு நமக்கு உண்டா என்பதே கேள்வி.

கட்டுவோர் கட்சியை முதலிற் கேட்போம். மனை வகுத்தல் நம்மிடையே பழமையான கலை. கோல் நட்டு, நிழல் ஒருபுறமும் சாயாத நண்பகற் பொழுதை அறிந்து, நூல் வல்லார் கயிறிட்டு மனை வகுத்த செய்தியை நெடுநல்வாடையிற் காண்கிறோம். வெயில் எரிக்கும் இவ்வூரில் காற்று வரும் திசைக்குச் சாளரம், அகன்ற விறாந்தை, உயர்ந்த கூரை, நூல்களுக்கென ஓர் அறை என நாம் விரும்பியவாறு அமைத்துக்கொள்ளலாம். பிறர் செய்த பிழைகளைச் சுமக்கவேண்டியதில்லை. இவை யாவும் உண்மையே.

ஆயினும், கட்டத் தொடங்குபவன் தன் வருமானத்தை மட்டுமன்றி நாட்டின் வருங்காலத்தையும் கணித்தாகவேண்டும். 2020இல் ஏறக்குறைய 1000 ரூபாவுக்குக் கிடைத்த சீமெந்து மூடை, 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் 2000 ரூபாவைக் கடந்தது. அவ்வாண்டில் அத்திவாரத்தோடும், கூரையில்லாச் சுவரோடும் நின்றுபோன வீடுகள் பல. பாதியில் நின்ற நூலை ஏட்டிலே மூடி வைக்கலாம். பாதியில் நின்ற வீட்டில் மழைநாளில் யார் குடியிருப்பது?

இனி, நிலத்தின் இயல்பு. கந்தளாய் நீரால் வாழும் ஊர். நீருக்கு அஞ்சவேண்டிய ஊரும் ஆகும். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலையிற் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1600க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. வெறுங்காணி இதைப்பற்றி ஒன்றும் சொல்லாது. ஆவணி வெயிலில் எந்த நிலமும் நல்ல நிலமாகவே தோன்றும். பல மாரிகளைக் கண்ட பழைய வீடோ ஒரு சாட்சி. எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது, கிணறு எந்த மாதத்தில் வற்றுகிறது, வெள்ளம் எந்தப் படிவரை வந்தது என்பனவற்றை அவ்வீடும் அயலவரும் கூறுவர். வயலோரத்துக் காணிக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. அது வயலாகப் பதியப்பட்டிருப்பின், 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி எழுத்துமூல அனுமதியின்றி அதை நிரப்பி வீடு கட்டல் ஆகாது.

வாங்குவோர் கட்சியிலும் குறைகள் இல்லாமல் இல்லை. கறையான் உள்ளிருந்து தின்ற வளை, வெள்ளை பூசி மறைத்த வெடிப்பு ஆகியவற்றைக் கண்டறியக் கைதேர்ந்த மேசனும் தச்சனும் வேண்டும். அவற்றினும் கொடியது உறுதியில் உள்ள வெடிப்பு. இப்பகுதிக் காணிகள் பல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு வழங்கியவை. அனுமதிப்பத்திரத்தில் உள்ள காணியைத் தனியார் உறுதிக் காணி போல் விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் பெற்ற காணியாயினும், பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன்னனுமதி இன்றிச் செய்த கைமாற்றம் செல்லாது. நம்பிக்கையின் பேரில் வெறுங்கடதாசியில் கையொப்பம் வாங்கிப் பணத்தைக் கொடுத்தவனிடம் வீட்டின் திறவுகோல் இருக்கும், வீடு அவனுடையதாகாது. உரிமை மூலத்தை ஆராயாமல் உரை எழுதப் புகுவது போன்றது அது.

இவ்விரு கட்சியையும் சீர்தூக்கும்போது என் எண்ணம் இவ்வூர்க் குளத்தின்மேற் செல்கிறது. குளக்கோட்டன் இதனைக் கட்டுவித்தான் என்பது நம் மரபு. 1986இல் உடைந்தபோது, இதனைக் கைவிட்டு வேறிடத்திற் புதுக்குளம் தோண்டப் புறப்பட்டார் இலர். அதே கட்டைத் திருத்தினர். இன்றும் வயல்கள் அந்த நீரையே உண்கின்றன. திருக்கோணேச்சரத்தின் வரலாறும் அதுவே. 1624இற் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குக் கொண்டுசென்ற பின்னும், அம்மலையிலேயே கோயில் மீண்டும் எழுந்தது. 1963இற் குடமுழுக்குக் கண்டது. இடம் தேர்ந்த முன்னோர் அறிவை ஏற்றுக்கொண்டு, இடிந்ததைத் தம் காலத்துக்கு ஏற்பக் கட்டினர். அழியா மரபு என்று நன்னூலார் கூறியது இத்தகையதன்றோ?

ஆகவே யான் மேட்டிலுள்ள பழைய வீட்டின் பக்கமே சாய்கின்றேன். வளையும் ஓடும் மாற்றுவேன். தென்புறத்தில் நூல்களுக்கு ஓர் அறை சேர்ப்பேன். பின்னோன் வேண்டும் வேறுபாடு எனக்கு அவ்வளவே. இளைஞர்கள் வேறு முடிவு செய்யலாம். ஆண்டுகளும் உடல்வலியும் உள்ளவர்க்கு, தெளிவான உறுதியும் மேட்டு நிலமும் வாய்த்தால், கட்டுதல் தகுதியே. என் போன்றோர்க்குக் காலம் குறைவு.

முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. காணிப் பதிவகத்தில் நொத்தாரிசு தேடிப் பார்த்துச் சொல்லவேண்டும். அதன்பின் வாடைமழை வரட்டும். மார்கழியில் ஒரு நாள் குடையோடு சென்று, அவ்வீட்டின் முற்றத்து நீர் எத்திசை ஓடுகிறது என்று நின்று பார்த்த பின்னரே கையொப்பம் இடுவதாக இருக்கின்றேன்.