இழுப்பது ஈஸி... நிறுத்துவது? ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு!

புதுச்சேரி வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயில் ஆடித் தேரோட்டம் பிரசித்தம். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த காலம் போய், இப்போது துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். இழுக்க ஆயிரம் கைகள் உண்டு. ஆனால், தேரை நிறுத்துவது பெரும்பாலும் முட்டுக்கட்டைதான்!

கார் இழுப்பதிலும் அதே கதைதான். அமெரிக்காவில் 'மோட்டார்ஹோம்' எனும் வீட்டு வண்டியில் சுற்றுலா போகிறவர்கள், பின்னால் தங்கள் காரையும் இழுத்துப் போவார்கள். முன்வண்டி பிரேக் பிடித்தால், பின்னால் வரும் கார் அதை முட்டித் தள்ளும். அதனால் அந்த காரிலும் பிரேக் பிடிக்கத் தனிக் கருவி பொருத்துகிறார்கள். இணைப்பு அறுந்தால், தானாகவே பிரேக் பிடிக்க ஒரு சுவிட்சும் உண்டு.

நம் ஊரிலோ, வழியில் நின்றுபோன காரைக் கயிறு கட்டி இழுப்பது சகஜம். ஹைபிரிட் காரில் இது கூடவே கூடாது!

இன்னோவா ஹைகிராஸ் போன்ற ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களில் முன்சக்கரங்களோடு மின்மோட்டார் இணைந்தே இருக்கும். நியூட்ரலில் போட்டாலும் பிரியாது. சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாகும். டிரான்ஸ்மிஷன் பழுதாகலாம், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. சிஸ்டம் ஆஃப் ஆகியிருந்தால், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும்.

என்ன செய்யலாம்?

* காரை ஓரங்கட்டி, ஹஸார்டு விளக்கைப் போடுங்கள்.
* சாலை உதவி எண்ணுக்கு போன் செய்யும்போதே 'ஹைபிரிட் கார்' என்று சொல்லிவிடுங்கள்.
* நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் லாரியைக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், முன்சக்கரங்களைத் தூக்கி இழுக்கும் வண்டி.

தேருக்கு வடம், ஹைபிரிட் காருக்கு லாரி!