கையில் துப்பாக்கி இல்லாத தளபதி

பிரெஞ்சு பாராசூட் படை என்றதும் முதலில் அடிபடும் பெயர் மார்செல் பிஜார். 1916-இல் தூல் நகரில் ரயில்வே தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். பதினான்கு வயதில் படிப்பை விட்டுவிட்டு வங்கி வேலைக்குப் போனவர். அதிகாரிப் பயிற்சிக் கல்லூரியில் படித்தவரல்ல. 1940-இல் ஜெர்மானியரிடம் கைதியாகி, மூன்றாவது முயற்சியில் தப்பினார். 1944-இல் அரியேஜ் பகுதியில் பாராசூட்டில் குதித்து, அங்கிருந்த எதிர்ப்புப் போராளிகளோடு சேர்ந்தார்.

சண்டைக்குப் போகும்போது ஆயுதம் எடுத்துச் செல்ல மாட்டார் என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்வது. சுடுவது மற்றவர்கள் வேலை. தன் வேலை நிலத்தைப் படிப்பது, ரேடியோவில் பேசுவது. வியட்நாமின் டியன் பியன் பூவில் அதைக் காட்டினார். 1954 மார்ச் 16-ஆம் தேதி, பிரெஞ்சு முகாம் முற்றுகைக்குள் இருந்த அந்தப் பள்ளத்தாக்கில் தன் ஆறாவது பட்டாலியனோடு குதித்தார். ஏப்ரல் 10-இல் எலியான்-1 குன்றை மீட்கும் பொறுப்பு அவருக்கு. பக்கத்துக் குன்றில் பதுங்குகுழி. சுற்றிலும் பல ரேடியோக்கள். பீரங்கிகள் குன்றின் மீது குண்டு மாரி பொழிந்து ஓய்ந்த கையோடு வீரர்களைச் சிறுசிறு குழுக்களாக ஏறவிட்டார். எதிர்ப்பு வலுவாக இருந்த இடங்களில் நின்று மோதாமல் உச்சிக்கு ஓடு, மிச்சத்தைப் பின்னால் வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது கட்டளை. குன்று கிடைத்தது, மே தொடக்கம்வரை கைவிட்டுப் போகவில்லை. ஆனால் மே 7-இல் முகாமே வீழ்ந்தது. சிறைப்பட்ட சுமார் 10,000 பேரில் பெரும்பாலோர் திரும்பவில்லை. பிஜார் சில மாதங்களில் விடுதலையானார்.

இங்கேயே நிறுத்திவிடும் வாழ்க்கைக் குறிப்புகளை என்னால் ஏற்க முடியவில்லை. 1957-இல் ஜெனரல் மஸ்யூவின் பாராசூட் டிவிஷனுக்கு அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் நகரில் போலீஸ் அதிகாரம் தரப்பட்டது. அந்த டிவிஷனில் இருந்த பிஜாரின் ரெஜிமென்ட் பிப்ரவரியில் அல்ஜீரிய விடுதலைப் போராட்டத் தலைவர் லார்பி பென் மிஹிதியைப் பிடித்தது. பிஜார் அவரை மரியாதையாகவே நடத்தினார். ஆனால் கைமாறிப் போன பிறகு பென் மிஹிதி தூக்கிலிடப்பட்டார். தற்கொலை என்று ராணுவம் அறிவித்தது. கொன்றது தாங்கள்தான் என்று ஓசாரெஸ் என்ற அதிகாரி 2001-இல் ஒப்புக்கொண்டார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் லூயிசெத் இகிலாரிஸ் என்ற அல்ஜீரியப் பெண், இளம்வயதில் தான் அந்த டிவிஷனிடம் பட்ட சித்திரவதையை வெளியே சொன்னார். மஸ்யூ, பிஜார் இருவர் பெயரையும் சொன்னார். மஸ்யூ வருந்தினார். பிஜாரோ அந்தப் பெண் சொன்னது முழுப் பொய் என்றார். சித்திரவதை அன்று தேவைப்பட்ட தீமை என்று பேசியவர், தன் கை அதில் படவில்லை என்றே 2010-இல் இறக்கும்வரை சாதித்தார். நான் அந்தப் பெண்ணைத்தான் நம்புகிறேன்.