திரும்பும் காலுக்கு முந்தைய கால்

பெங்களூர் லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கோடை விடுமுறையில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு வேகப் பயிற்சி முகாம் நடத்தப் போகிறோம். தரையில் விரிக்கும் நைலான் ஏணி, குட்டித் தடைகள், இடுப்பில் கட்டும் பாராசூட் என்று கடைக்காரர் நீளமாகப் பட்டியல் தருகிறார். எதை வாங்குவது?"

பட்டியலைச் சற்று ஒதுக்கி வைப்போம். கால்பந்திலும் கபடியிலும் கோ-கோவிலும் யாரும் நூறு மீட்டர் நேராக ஓடுவதில்லை. பாய்ந்து போய், சட்டென்று நின்று, திரும்பி, மறுபடி பாய வேண்டும். இதில் கடினமான வேலை நிற்பதுதான்.

40 கிலோ எடையுள்ள பிள்ளை விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து, ஒரே மிதியில், 0.2 விநாடிக்குள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் தாங்க வேண்டிய கிடைவிசை சராசரியாக 1000 நியூட்டன். உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு! முந்தைய மிதியிலேயே பாதி வேகத்தைக் குறைத்துவிட்டால் ஒவ்வொரு காலுக்கும் 500 நியூட்டன்தான். நன்றாகத் திரும்பும் வீரர்களைக் கவனித்தால் இந்தக் கணக்கு கண்ணுக்கே தெரியும். கடைசி மிதிக்கு முந்தைய மிதியில் முழங்காலும் இடுப்பும் மடங்கி உடல் தாழ்கிறது. வேகம் அங்கேயே உடைகிறது. கடைசி மிதிக்கு மிஞ்சுவது புதிய திசைக்குத் தள்ளும் வேலை மட்டும்.

ஹெண்ணூர் மெயின் ரோட்டில் விரைந்து வரும் ஆட்டோ ஒரு கிராஸ் தெருவுக்குள் நுழைவதை நினைத்துப் பாருங்கள். தேர்ந்த ஓட்டுநர் முனைக்கு முன்பே பிரேக்கை அழுத்திவிடுவார். வளைவில் ஹேண்டிலைத் திருப்புவது மட்டுமே அவர் வேலை. முனைக்கு வந்தபின் பிரேக் போடுபவரின் வண்டியில் உள்பக்கச் சக்கரம் தூக்கும், பயணி கம்பியைப் பிடிப்பார், மடியிலிருக்கும் தக்காளிப் பை சரியும். ஓட்டுநர் உடம்பை உள்பக்கம் சாய்ப்பதுபோலப் பிள்ளையும் சாய்கிறது. முனையில் மணல் கொட்டிக் கிடந்தால் எப்பேர்ப்பட்ட ஓட்டுநருக்கும் டயர் வழுக்கும். பிள்ளையின் ஷூ அடிப்பகுதியும் அப்படியே. ஒரு வித்தியாசம் உண்டு: ஆட்டோவின் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

முழங்கால் அப்படி அல்ல. அங்கே ஏ.சி.எல். எனப்படும் தசைநார் கிழியும் காட்சிப்பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பாதம் தரையைத் தொட்டபின் சுமார் 40 மில்லி விநாடிக்குள் அது நிகழ்வதாகக் கணித்தார்கள். மூளை அதற்குள் எதையும் திருத்த முடியாது. கால் தரையைத் தொடும் முன்பே உடல் தயாராக இருக்க வேண்டும்.

இப்போது ஏணியைப் பாருங்கள். கட்டங்களுக்குள் பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழுகிறது. திரும்பும்போதோ பாதம் உடலுக்கு வெளியே ஊன்ற வேண்டும். ஏணியில் வேகத்தைக் குறைக்கும் தேவையே இல்லை. கண்ணும் தரையிலேயே இருக்கிறது. ஏணியில் பழகுபவர் ஏணியில் தேர்ச்சி பெறுவார். உடலைச் சூடேற்றிக்கொள்ள அது போதும், அதற்குச் சுண்ணாம்புக் கோடுகளே போதும். பாராசூட்டின் காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. பெரிய வீரரின் பாதி வேகத்தில் ஓடும் பிள்ளைக்கு, அதே பாராசூட் தரும் தடை கால் பங்குதான்.

சரி, முன்னேற்றத்தை எப்படி அளப்பது? வரலாறு கேட்பவர்களுக்காக ஒன்று: 1922-க்கான மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஏ.வி.ஹில், ஓட்டக்காரர்கள் உடலில் காந்தத்தைக் கட்டி, கம்பிச் சுருள்களைக் கடந்து ஓடவைத்து வேகத்தை அளந்தார். இன்றைய ஒளிக்கதிர்க் கருவிகளின் வேலையும் அதுவே.

அந்தக் கருவி இல்லாத முகாமில் ஸ்டாப்வாட்ச்தான் கதி. ஓட்டத்தைத் தொடங்கும் சத்தத்துக்கு விரல் தாமதிக்கும். முடிவுக் கோட்டை மட்டும் கண் முன்கூட்டியே எதிர்பார்க்கும். அதனால்தான் தடகளத்தில் குறுந்தூர ஓட்டங்களின் கை நேரத்தோடு 0.24 விநாடி கூட்டும் வழக்கம் வந்தது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸில் பி.டி.உஷா வெண்கலத்தை இழந்தது விநாடியின் நூறில் ஒரு பங்கில். பத்தே நாளில் 0.1 விநாடி முன்னேற்றம் என்று கையால் அளந்து யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகவே வாசகருக்கு என் பட்டியல்: ஒரு நீள டேப், சுண்ணாம்புப் பொடி, மிதித்தால் மடங்கும் பிளாஸ்டிக் கோன்கள், விசில், சில டென்னிஸ் பந்துகள், ஒரு நல்ல துடைப்பம். திரும்பும் கோட்டிலிருந்து 15 மீட்டர் தள்ளி ஓட்டம் தொடங்கட்டும். கோட்டுக்கு 5 மீட்டர் முன்னால் ஒரு கோன். அந்த 5 மீட்டரைப் போய்த் திரும்பும் நேரத்தை மட்டும் குறியுங்கள். 505 என்று பயிற்சியாளர்கள் சொல்லும் சோதனை இதுதான். பந்து எதற்கு? பார்த்து, முடிவெடுத்து, அதற்கேற்பத் திசை மாறுவதே சுறுசுறுப்பு என்று விளையாட்டு அறிவியலார் வரையறுக்கிறார்கள். எந்தப் பக்கம் பந்து உருளும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது.

முகாமுக்கு முந்தைய நாள் மாலை மைதானத்துக்குப் போய், திரும்பும் இடங்களில் பொடிக்கல்லையும் மணலையும் பெருக்கித் தள்ளுங்கள். கோடை மழை பெய்திருந்தால் சேறு காயும்வரை பொறுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் ஷூவையும் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பகுதி தேய்ந்து வழவழத்திருந்தால், பாராசூட்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் அந்தப் பிள்ளைக்கு ஷூ வாங்கிக் கொடுங்கள்.