இரண்டரை மில்லிமீட்டர்

பெங்களூரில் நகர மண்டபத்துக்கு அணித்தே உள்ள எஸ்.பி. சாலையில், பழுதுற்ற மடிக்கணினிக்கு மாற்று வன்தட்டு வாங்கச் செல்லும் நேயர்கள், கொள்ளளவையும் விலையையும் கேட்பதோடு நின்றுவிடுதல் கூடாது; தடிப்பையும் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டரை அங்குல வன்தட்டுகள் நீள அகலங்களில் ஒத்தவை, தடிப்பில் வேறுபட்டவை. முன்பு 9.5 மில்லிமீட்டர் பெருவழக்காயிருந்தது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றிலோ 7 மில்லிமீட்டருக்கே இடமுண்டு. மெல்லியதை அகன்ற இடத்தில் வைக்கலாம். ஒரு பிளாஸ்டிக் சட்டம் இடைவெளியை நிரப்பும். தடித்ததை ஒடுங்கிய இடத்தில் திணித்தலோ தீங்கு. மூடி புடைக்கும், இணைப்பு முனை வளையும். சுழலும் வன்தட்டில், தகவலைப் படிக்கும் முனை தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. உறையை அழுத்தினால் அம்முனை தட்டை உரசக்கூடும். உறையைத் திறந்தாலோ தூசி புகுந்து கெடுக்கும்.

சுழலும் உறுப்பற்ற எஸ்.எஸ்.டி. சிலவற்றுக்கு ஒரு விலக்கு உண்டு. 2011இல் வெளிவந்த இன்டெல் 320 வரிசையில், மேலிருந்த சட்டத்தைக் கழற்றியதும் 9.5 என்பது 7 ஆயிற்று. ஆனால் சட்டத்தோடு வந்த நீண்ட திருகுகளை மீண்டும் முடுக்கலாகாது. அவை உள்ளிருக்கும் மின்பலகையைத் தொடக்கூடும். குட்டையான திருகுகளே ஏற்றவை.

இக்காலத்து இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி.க்கள் பெரும்பாலும் 7 மில்லிமீட்டரே. எனினும் பழையதைக் கழற்றி அளந்த பின்னரே வாங்குக. அதற்கும் முன்னதாக, உள்ளிருப்பவற்றைப் படியெடுத்து வைத்துக்கொள்க. வன்தட்டைக் கடையில் மீண்டும் வாங்கலாம். ஊரிலுள்ள அன்னையின் குரற்பதிவை எக்கடையில் வாங்குவது?