'மக்கு இல்லை' என்பதற்கு ஒரு சான்றிதழ்

'காலனிப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது' என்ற பேச்சு நம் ஊர்ப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. அந்தப் பேச்சுக்கு அடியில் டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடும் மறைந்து கிடக்கலாம் என்பதை விழுப்புரம் மாவட்டக் காலனி ஒன்றில் இளைஞர்கள் நடத்தும் இரவுப் பாடசாலையில் பார்த்தோம்.

அங்கே வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு வயது 14. எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ் என்பதால் வகுப்பு ஏறி வந்துவிட்டான். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் முதல் பத்தியைக் கடகடவென்று சொல்வான். வேறு புத்தகம் கொடுத்தால் நின்றுவிடுவான். பக்கத்துப் பையன் வாசிப்பதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்தே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறான். ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்ட கூட்டத்தில், கையில் தாள் இல்லாமல் ஐந்து நிமிடம் பேசியவனும் இவன்தான். பள்ளியில் கடைசி பெஞ்சு. அவனை வாசிக்கச் சொல்வதையே விட்டுவிட்டார்கள்.

"எனக்கும் ஏறல, எங்கப்பாவுக்கும் ஏறல, இவனுக்கு மட்டும் எங்கிருந்துங்க ஏறும்?" என்றார் செங்கல் சூளையில் வேலை செய்யும் தந்தை. டிஸ்லெக்சியா குடும்ப வழியில் வரக்கூடியதுதான். ஆனால் பள்ளிக்கூட வாசலே மறுக்கப்பட்ட தலைமுறையில் எது குறைபாடு, எது கொடுமை என்று எப்படிப் பிரிப்பது?

பாடசாலையில் சொல்லித்தரும் பட்டதாரிப் பெண், சிறப்பாசிரியர் ஒருவரிடம் கேட்டு வந்து முறையை மாற்றினார். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்வது நின்றது. தாம்பாளத்தில் மணல் பரப்பி, ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைத்தார். காது, வாய், கை மூன்றும் சேர்ந்து வேலை செய்யும். (மணலில் எழுதிப் பழக்கிய திண்ணைப் பள்ளிக் காலத்தில் சேரிப் பிள்ளைக்குத் திண்ணையே கிடையாது.)

அவன் அதிகம் தடுமாறியது கொம்பில். 'கெ' என்பதில் காதுக்கு முதலில் கேட்பது 'க்'. கண்ணுக்கு முதலில் தெரிவதோ கொம்பு. 'கொ' இன்னும் மோசம், ஒலி க்-கு இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. 'கொடு' என்பதைக் கொம்பை விட்டுக் 'காடு' என்பான், காலை விட்டுக் 'கெடு' என்பான். கொம்பையும் காலையும் சிவப்பு மையில் தனித்தனி அட்டையில் எழுதி, 'க' அட்டையின் இருபுறமும் வைத்து எடுத்து, வைத்து எடுத்துப் பழக்கினார்கள். இதற்கே இரண்டு மாதம். ல, ள, ழ பிறகுதான். தினமும் இருபது நிமிடத்துக்கு மேல் கிடையாது. ஆறு மாதம் ஆகிறது. கபடிச் செய்தி ஒன்றை நம் முன்னால் வாசித்தான். ஒரு பத்திக்கு நான்கு நிமிடம். மனப்பாடம் அல்ல, அன்று காலை வந்த செய்தி.

அடுத்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. டிஸ்லெக்சியா சான்றிதழ் இருந்தால் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் போன்ற சலுகைகள் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முந்தியோ அப்போது, ஆசிரியரே முதல்கட்டமாகக் கண்டறிய வேண்டும் என்று 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிமுறை சொன்னது. இவன் விஷயத்தில் அது நடக்கவில்லை. நடக்காததற்கு ஆசிரியர் பற்றாக்குறையை மட்டும் காரணம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. காலனிப் பையன் வாசிக்காவிட்டால் அங்கே யாருக்கும் ஆச்சரியமே இல்லை.

சான்றிதழுக்கு முதலில் கண், காது பார்க்கிறார்கள். பிறகு அறிவுத்திறன் சோதனை. அதில் குறையில்லை என்று தெரிந்தால்தான் கற்றல் குறைபாட்டுச் சோதனை. ஆக, பையன் மக்கு இல்லை என்று அரசே எழுதித் தரும் தாள் அது. அதற்காகத் தந்தை இரண்டு நாள் கூலியை விட்டு அலைந்தார். ஒரு நாள் மனநல நிபுணர் விடுப்பு. மறுமுறை, பள்ளியிலிருந்து கடிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

இதே நிலையில் உள்ள பெற்றோர் முதலில் தலைமையாசிரியரிடம் எழுதிக் கேட்கலாம். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பள்ளிக்கு வரவழைப்பது தலைமையாசிரியரின் வேலை. இந்தப் பையனுக்கான கடிதம் கடந்த வாரம்தான் கைக்கு வந்தது. வருகிற புதன்கிழமை மூன்றாவது முறையாகப் போகிறார்கள்.