வீட்டு மனைகளில் நிற்கும் முதிய மரங்களின் பராமரிப்பு

நகரங்களையடுத்த கிராமங்களில் தோப்புகளும் புன்செய் நிலங்களும் வீட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டு வருவது யாவரும் அறிந்ததே. அவ்விடங்களில் ஐம்பது, அறுபது ஆண்டுகளாக நின்ற மா, புளி, வேம்பு, தூங்குமூஞ்சி முதலிய மரங்களிற் சில, வீட்டு முற்றத்திலோ கொல்லையிலோ விடப்படுகின்றன. சொந்தக்காரர் நிழலுக்காகவும் பலனுக்காகவும் அவற்றை வைத்துக்கொள்ள விரும்பினும், ஒரு புயல் வந்துபோனதும் அச்சங்கொண்டு மரத்தை அடியோடு வெட்டிவிடுகிறார். அல்லது பாதி உயரத்திற்கு மொட்டையடித்துவிடுகிறார். முன்னதனால் மரம் அன்றே போகிறது. பின்னதனால் சில ஆண்டுகள் கழித்து, முன்னிலும் அதிக அபாயத்தோடு போகிறது. இவ்விரண்டிற்கும் இடையே முறையான வழி ஒன்று உண்டு. அதனை நில உடைமையாளரும் கிராம அதிகாரிகளும் அறிந்துகொள்ளும்பொருட்டு இக்கட்டுரை வெளியிடப்படுகிறது.

1. மரத்தின் காயம்

ஆடுமாடுகளுக்கு உண்டாகும் காயத்தில் புதிய தசை வளர்ந்து புண் ஆறிவிடுகிறது. மரத்திற்கு அத்தகைய சக்தி இல்லை. வெட்டுண்ட இடத்தைச் சுற்றி மரம் தன்னுள்ளே அரண்போன்ற ஒரு தடுப்பை அமைத்துக்கொள்கிறது. பிறகு ஓரங்களிலிருந்து புதுக் கட்டை வளர்ந்து காயத்தை மூடுகிறது. மூடப்பட்ட காயமோ மரத்தின் ஆயுள் முடியும்வரை உள்ளேயே இருக்கும். அமெரிக்க வன இலாகாவைச் சேர்ந்த விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ என்பவர், ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, இவ்வுண்மையை 1977-ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார்.

இளமரம் விரைவில் வளர்வதால் காயத்தை விரைவில் மூடிக்கொள்ளும். முதிய மரத்தின் வளர்ச்சி மந்தமாதலால், பெரிய வெட்டு பல ஆண்டுகள் திறந்தே கிடந்து, காளானுக்கும் கறையானுக்கும் வாயிலாகிறது. ஆகையால் முதிய மரத்தில் வெட்டுகள் சிலவாகவும் சிறியனவாகவும் இருத்தல் வேண்டும் என்பதே இவ்விஷயத்தில் முதல் விதி.

2. கிளை நீக்கும் முறை

கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில், வளையம்போற் சிறிது புடைத்த கழுத்து ஒன்று காணப்படும். மரம் தடுப்பை அமைப்பது இவ்விடத்திலேயே. கழுத்தைச் சேதப்படுத்தாமல், அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். அடிமரத்தோடு ஒட்ட வெட்டினால் தடுப்பு அழிந்துபோகும்; முளைபோல நீளமாக விட்டுவைத்தால் அம்முளை உலர்ந்து மக்கி, அழுகலை உள்ளே செலுத்தும்.

கனத்த கிளையை ஒரே வெட்டில் வீழ்த்தினால், பட்டை அடிமரம்வரை உரிந்துவரும். முதலில் அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கிளையின் கீழ்ப்புறத்தில் மூன்றிலொரு பங்கு அறுக்க வேண்டும். பின்னர் அதற்குச் சற்று அப்பால் மேற்புறமிருந்து அறுத்துக் கிளையைத் தள்ளிவிட வேண்டும். எஞ்சிய முளையை மூன்றாவது வெட்டினால் கழுத்தின் ஓரத்தில் நீக்க வேண்டும். அரிவாள், கோடரி இவற்றினும் கூரிய வாளே இதற்கு ஏற்றது. வெட்டிய இடத்திற்குத் தாரோ வர்ணமோ பூசவேண்டியதில்லை. பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே நிறுத்திவிடுவதும் உண்டு.

மொட்டையடித்தல் எவ்விதத்திலும் தகாது. இலையே மரத்திற்கு ஆகாரம் சமைக்கும் உறுப்பு. தலையை இழந்த மரம் சேமித்த ஆகாரத்தைச் செலவிட்டு ஏராளமான சிம்புகளை விடுகிறது. அச்சிம்புகள் கட்டையின் மேற்புறத்தில் மாத்திரம் பற்றியிருப்பவை. அவை பருத்துக் கனக்குங் காலத்தில், கீழே வெட்டுவாய் அழுகியிருக்கும். அடுத்த புயலில் வீட்டின்மேல் விழுவன அவையே. மாமரத்தில் கவாத்து செய்வதை அறுவடை முடிந்ததும் செய்வது நலம். எம்மரத்திலும் ஓராண்டில் தழையில் நாலிலொரு பங்கிற்குமேல் நீக்கலாகாது. முதிய மரத்தில், பட்டுப்போன கிளைகளையும் ஒன்றோடொன்று உராயும் கிளைகளையும் நீக்குவதோடு நிறுத்திக்கொள்வதே சிலாக்கியம்.

3. பொந்து

பொந்து விழுந்த மரமெல்லாம் சாகும் மரம் என்று எண்ணுவது தவறு. நடுவேயுள்ள வைரம் உயிரற்ற பாகம். நீரும் ஆகாரமும் செல்வது அதற்கு வெளியேயுள்ள இளங்கட்டையிலும் பட்டையிலுமே. ஆயினும் மரத்தின் பலம் எவ்வளவு எஞ்சியிருக்கிறதென்று பார்த்தல் அவசியம். சுற்றிலுமுள்ள கெட்டியான சுவரின் கனம், அடிமரத்தின் ஆரத்தில் மூன்றிலொரு பங்காவது இருக்க வேண்டுமென்பது பொதுவாக வழங்கும் கணக்கு. இரண்டடிக் குறுக்களவுள்ள மரத்திற்கு நான்கு அங்குலச் சுவர் வேண்டும். பொந்தின் வாய் அகலமாயிருந்தால் இக்கணக்கும் போதாது.

பொந்தைச் சிமெண்டினால் அடைக்கும் வழக்கம் ஒருகாலத்தில் மிகப் பரவியிருந்தது. அமெரிக்காவில் ஜான் டேவி என்பவர் 1901-இல் மர வைத்தியத்தைப் பற்றி நூல் வெளியிட்ட பின்னர், அது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. இன்று அறிந்தோர் அதனைக் கைவிட்டனர். மரம் காற்றில் அசையும், சிமெண்டு அசையாது. அடைப்பதற்கு முன் அழுகலைச் சுரண்டுகையில், மரம் அமைத்த தடுப்பும் உடைந்துபோகிறது. பொந்தைத் தொடாமல் விடுவதே நன்று.

ஆலமரத்திற்குத் தனிச் சலுகை ஒன்று உண்டு. ஹௌரா தாவரத் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தின் அடிமரம் காளானால் அழுகி, 1925-இல் அகற்றப்பட்டது. மரமோ விழுதுகளை ஊன்றி இன்றளவும் நிற்கிறது. ஊர்ப் பொது ஆலமரத்தின் விழுதுகளை, வழிக்கு இடைஞ்சலென்று வெட்டிவிடுபவர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

4. வேரைக் காத்தல்

மனைகளில் முதிய மரங்கள் கெடுவதற்குப் பெருங்காரணம் வேர்ச்சேதமே. சல்லிவேர்களிற் பெரும்பாலன மேல் இரண்டடி மண்ணிலேயே பரவியிருக்கின்றன. மதிலுக்கு அஸ்திவாரம் தோண்டுவதாலும், தரையை உயர்த்த மண் கொட்டுவதாலும், அடிவரை சிமெண்டுத் தளம் போடுவதாலும் அவை அறுபட்டும் மூச்சடைத்தும் மடிகின்றன. வேரிழந்த மரம் உடனே வாடுவதில்லை. சில ஆண்டுகள் பச்சையாகவே நின்று, ஒரு பெருங்காற்றில் சாய்கிறது. பழி புயலின்மேல் விழுகிறது. தோப்பில் ஒன்றுக்கொன்று காற்றைத் தடுத்து நின்ற மரங்களுள் ஒன்றை மாத்திரம் விட்டுவைத்தால், அதற்கு அபாயம் இன்னும் அதிகம்.

மார்பளவு உயரத்தில் மரத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து, அதனைப்போல் நான்கு மடங்கு தூரம் நாற்புறமும் விடுக. ஆறடிச் சுற்றளவுள்ள மரத்திற்கு இது 24 அடி. அவ்வட்டத்தினுள் பள்ளம் தோண்டாமலும் மண்ணேற்றாமலும் இருத்தல் வேண்டும். மனை பிரிக்கும்போதே வரைபடத்தில் இவ்வட்டத்தைக் குறித்துவிட்டால் பின்னர் வீண்செலவு நேராது. கோடையில் நீரை அடிமரத்தில் ஊற்றாமல் கிளைநிழலின் ஓரத்தில் பாய்ச்ச வேண்டும். உதிர்ந்த சருகை எரிக்காமல் மூன்று அங்குலக் கனத்தில், அடிமரத்தில் ஒட்டாதவாறு, பரப்பி வைப்பது மிக்க நன்மை தரும்.

5. அபாயக் குறிகள்

வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணி மாதத்தில், ஒவ்வொரு முதிய மரத்தையும் சுற்றிவந்து பார்க்க வேண்டும். கவனிக்கத்தக்கவை:

அடிமரத்திலோ வேர்களிலோ காளான் முளைத்திருத்தல். ஒருபுறத்தில் மண் வெடித்து மேலெழும்பியிருத்தல். மரம் புதிதாகச் சாய்ந்திருத்தல். இரு பெருங்கிளைகள் சேரும் குறுகிய கவையில் பிளவு காணுதல். வீட்டிற்கு மேலே கனத்த கிளை பட்டுப்போயிருத்தல்.

நெடுநாளாய்ச் சாய்ந்து, நுனி நிமிர்ந்து வளர்ந்திருக்கும் மரத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. வேம்பின் நுனிக்கொம்புகள் கருகக் கண்டதும் வெட்டிவிடுவதும் கூடாது; நுனிக்கருகல் நோய்கண்ட பல வேம்புகள் மறுபடி தளிர்க்கின்றன. ஆனால் மண் வெடிப்பும் புதுச் சாய்வும் சேர்ந்து காணுமாயின், தாமதம் ஆபத்து. 2016 டிசம்பர் 12-இல் சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. குடியிருப்பவர் உயிருக்குமுன் மரத்தின் உயிர் பெரிதன்று. அத்தகைய மரத்தை முறைப்படி அகற்றிவிட்டு, தக்க இடத்தில் கன்று நடுவதே கடமை.

6. யாரைக்கொண்டு செய்விப்பது

விறகையே கூலியாகப் பெற்றுக்கொள்வோனிடம், மரம் நிற்கலாமா என்ற தீர்ப்பை ஒப்படைப்பது உசிதமன்று. மிகுதியாக வெட்டுவதில் அவனுக்கு இலாபம் உண்டு. கூலியைப் பணமாகப் பேசி, எந்தக் கிளை, எவ்விடத்தில், எக்காரணத்தால் என்று வெட்டுமுன் சொல்லக்கூடியவனையே அமர்த்துக. கயிறும் தலைக்கவசமுமின்றி ஆளை ஏற்றலாகாது. மின்கம்பிக்கு அருகிலுள்ள கிளையை, மின்சார வாரியத்தார் மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே தொட வேண்டும். மரம் பெரிதாகவும் வீட்டையடுத்தும் இருந்தால் தோட்டக்கலை அல்லது வன அதிகாரியின் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொள்வது நலம்.

புறம்போக்கிலுள்ள மரம் அபாயமென்று மனு வரும்போது, கிராம அதிகாரிகள் மேலே கூறிய குறிகளுள் எவை காணப்படுகின்றன என்பதை நேரிற் பார்த்துத் தம் அறிக்கையில் எழுதுவார்களாயின், வெட்டவேண்டிய மரம் காலதாமதமின்றி வெட்டப்படும். காக்கவேண்டிய மரமும் காக்கப்படும். அறுபது ஆண்டுகளில் வளர்ந்த நிழலை ஒரு பகலில் அழித்துவிடலாம். திரும்பப் பெறுவதற்கு மற்றோர் அறுபது ஆண்டு வேண்டும்.